ராசாவின் கொட்டாவிக்குச் சொடக்குப் போட்டவன்

ஏழு குளத்துக்கு நடுவிலே ஒரு சீமை இருந்ததாம். அந்தச் சீமைக்கு ஒரு ராசா இருந்தாராம். அந்த ராசாவுக்கு ஒரு வாய் இருந்ததாம். வாய் எல்லா ராசாவுக்கும் இருக்கும்தானே என்று கேட்காதே. இந்தக் கதையே அந்த வாயிலிருந்துதான் வருகிறது.

ராசாவுக்குப் பேர் சண்டப்பிரசண்டர். பேரைக் கேட்டால் ஒற்றைக் கையால் யானையைத் தூக்கி எறிந்தவர் என்று தோன்றும். ஆனால் அவர் செய்ததெல்லாம் கொட்டாவி விட்டதுதான். மந்திரி வந்து மழை பெய்யவில்லை என்றால் ஒரு கொட்டாவி. மறுபடி வந்து மழை பெய்துவிட்டது என்றால் ஒரு கொட்டாவி. புலவர் வந்து ராசாவின் வீரத்தைப் பாட ஆரம்பித்தால் பாட்டு முடியும்வரை விட்டு விட்டுக் கொட்டாவி. சாதாரணக் கொட்டாவியா அது? வாயைத் திறந்தால் உள்நாக்கு ஆடுவது கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் தெரியும்.

கொட்டாவி விட்டால் வாய்க்கு முன்னால் சொடக்குப் போடவேண்டும், தெரியுமல்லவா? இல்லாவிட்டால் காத்துக் கருப்பு ஏதாவது திறந்த வாய் வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நீயும் நானும் நம் வாய்க்கு நாமே சொடக்குப் போட்டுக்கொள்வோம். ராசாவால் முடியாது. அவர் கையில் விரலுக்கு விரல் மோதிரம். மோதிரத்தோடு மோதிரம் உரசுமே தவிரச் சொடக்கு விழாது.

அதனால் முதலில் ராணி போட்டுப் பார்த்தாள். அவள் வளையல் சத்தத்தில் சொடக்கே கேட்கவில்லை. அப்புறம் சேனாபதி போட்டுப் பார்த்தார். வாள் பிடித்த கை, ராசாவின் மூக்கில் இடித்துவிட்டது. அப்புறம் சோசியர் போட்டுப் பார்த்தார். அவர் நல்ல நேரம் பார்த்துப் போடுவதற்குள் ராசா வாயை மூடிவிட்டார். கடைசியில் ராசா அரண்மனைக் காரியக்காரர் ஆதிமூலத்தைக் கூப்பிட்டார். அரண்மனையில் யாருக்கு என்ன வேலை, யாருக்கு என்ன சம்பளம் என்பதெல்லாம் அவர் கையில்தான்.

"ஆதிமூலம், நல்ல சொடக்குக்காரன் ஒருத்தனைப் பிடிச்சுக்கிட்டு வாரும். ஆள் இல்லாத அன்னைக்கு நீர்தான் என் வாய் முன்னால நிக்கணும்" என்றார்.

ஆதிமூலத்தின் விரலோ, நெய்யும் பருப்புமாகச் சாப்பிட்டு வெண்ணெய் மாதிரி ஆகிப்போன விரல். தேய்த்தால் சொடக்கு வராது, புஸ் என்று ஒரு சத்தம்தான் வரும். ராசா வாய்க்கு முன்னால் அவர் புஸ் என்று தேய்த்ததும் ராசா ஒரு முறைப்பு முறைப்பார். அதனால் அவர் பதறிப்போய் ஊர் ஊராக ஆள் தேடினாராம்.

அந்தச் சமயத்தில் அறுப்பு முடிந்த வயலில் பேச்சிமுத்து என்று ஒருத்தன் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தான். வாத்து அவனுடையது இல்லை, ராக்கு என்கிற வாத்துக்காரியுடையது. வாத்து மேய்க்கிறவர்கள் கையில் குச்சி வைத்திருப்பார்கள். பேச்சிமுத்துவிடம் குச்சி கிடையாது. கையைத் தூக்கி ஒரு சொடக்குப் போட்டால் எண்ணெயில் கடுகு வெடித்த மாதிரிச் சத்தம் வரும். எங்கே கிடந்த வாத்தும் தலையைத் தூக்கும். இன்னொன்று போட்டால் எல்லாம் திரும்பும். மூன்றாவது போட்டால் விழுந்தடித்துக்கொண்டு அவன் காலடிக்கு ஓடிவரும்.

இதைப் பார்த்தார் ஆதிமூலம். அவ்வளவுதான், வாத்தை அப்படியே விட்டுவிட்டு ஆளை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மாதம் ஒரு வண்டி நெல். ஓடு போட்ட வீடு. விரல் காயாமல் இருக்கத் தினமும் தடவிக்கொள்ள ஒரு கிண்ணம் நெய். வேலை என்ன? சொடக்குப் போடுவது. "அடடா, இதல்லவா உத்தியோகம்!" என்று ஊரே வாயைப் பிளந்தது. பேச்சிமுத்துவின் பெண்சாதி மாடத்தி, அரிசிச் சோறு வடித்து, வடித்த கஞ்சியைக்கூட வாசனை பார்த்துவிட்டுத்தான் கொட்டினாளாம்.

ஆனால் வேலைக்குப் போனவனுக்கல்லவா தெரியும்! காலையிலிருந்து ராசாவின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். ராசா காலையில் பூண்டுத் துவையல் சாப்பிடுவார், மத்தியானம் கருவாடு சாப்பிடுவார், இரண்டையும் பேச்சிமுத்து சாப்பிடாமலே தெரிந்துகொள்வான். அப்படி இப்படித் திரும்பக்கூடாது. தும்மக்கூடாது. இதெல்லாம்கூடப் போகட்டும். ஒருத்தர் கொட்டாவி விடுவதைப் பார்த்தால் பார்த்தவனுக்கும் கொட்டாவி வரும், இல்லையா? பார், இப்போது சொல்லும்போதே உனக்கு வருகிறது. ராசா முன்னால் வேறு யாரும் கொட்டாவி விட்டால் அது குற்றம். அதனால் வருகிற கொட்டாவியை எல்லாம் பேச்சிமுத்து பல்லைக் கடித்து முழுங்குவான். முழுங்கி முழுங்கிக் கண்ணில் தண்ணீர் வடியும். ராசாவோ, "பாருங்கள், என்மேல் இவனுக்கு எவ்வளவு விசுவாசம்!" என்பார்.

வீட்டுக்கு வந்தால் பகலில் முழுங்கினதெல்லாம் வரிசையாக வெளியே வரும். மாடத்தி எதையாவது சொல்ல வாயெடுத்தால் அவன் வாயும் திறக்கும், ஆனால் பேச்சு வராது, கொட்டாவிதான் வரும்.

அதைவிட மோசம், அவன் விரல் அவன் பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. யார் வாயைத் திறந்தாலும் கை தானாக மேலே போய்ச் சொடக்குப் போட்டுவிடும். ஒரு நாள் கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதற்காக வாயைத் திறந்தார், இவன் சொடக்குப் போட்டான், அவர் சீவாளியைக் கடித்துவிட்டார். இன்னொரு நாள் மாமனார் ஏதோ கோபத்தில் திட்ட வாயைத் திறந்தார், சொடக்குப் போட்டான், அவர் திட்ட வந்ததையே மறந்துவிட்டார். அப்புறம் ஒரு நாள் மாடத்தி ஒரு வாய்ச் சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனாள், சொடக்!

சோற்றை அப்படியே தட்டில் போட்டுவிட்டாள் மாடத்தி.

"ஏங்க, என்னைப் பாத்தா உங்களுக்கு ராசா மாதிரியா இருக்கு?"

"நானாப் போடலை புள்ள. கைதான் போடுது" என்றான் பேச்சிமுத்து. சொல்லும்போதே அழுதுவிட்டான். "என்னால முடியலை மாடத்தி. தினமும் காலையில அந்த அரண்மனை வாசல்ல கால் வைக்கிறப்போ, அந்த வாய்க்குள்ளேயே கால் வைக்கிற மாதிரி இருக்கு. ராக்கு அக்கா இன்னும் ஆள் கிடைக்காம இருக்காளாம். மறுபடி வாத்து மேய்க்கப் போயிடட்டுமா?"

"என்ன கூலி?"

"பழைய கூலிதான். ரெண்டு வேளைக் கம்பங்கூழ். அப்புறம் வழிமுட்டை."

வழிமுட்டை என்றால் என்ன தெரியுமா? வாத்து பட்டியில் இடுகிற முட்டை எல்லாம் சொந்தக்காரிக்கு. மேய்ச்சலுக்குப் போகிற வழியில், வரப்பிலும் வாய்க்காலிலும் ஏதாவது வாத்து அவசரப்பட்டு இட்டுவிட்டால், அது மேய்க்கிறவனுக்கு. சில நாள் நாலைந்து கிடைக்கும். சில நாள் ஒன்றும் கிடைக்காது.

மாடத்தி சோற்றுப் பானையைத் திறந்து பார்த்து மூடினாள்.

"எனக்கு அரிசிச் சோறு பிடிக்கும். இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன்" என்றாள். "ஓட்டு வீடும் பிடிக்கும். மழை பெய்யறப்போ நனையாம உக்காந்து மழையைப் பாக்கலாம். ஆனா வீட்டுக்குள்ள பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணுமே! போங்க, போய் வேலையை விட்டுட்டு வாங்க."

பேச்சிமுத்து நேராக ஆதிமூலத்திடம் போனான்.

"ஐயா, வேலையை விட்டுடறேன். என்னால முடியலை."

ஆதிமூலம் மீசையைத் தடவிச் சிரித்தார். "அடே பேச்சிமுத்து, என்கிட்டயேவா? கூடக் கேக்கறதுக்கு இப்படி ஒரு வழியா? சரி, இன்னொரு வண்டி நெல் வச்சுக்கோ, போ."

"ஐயா, நான் கூடக் கேக்கலை..."

"போடா, போடா. ராசா கொட்டாவி விடற நேரம்."

பேச்சிமுத்து இரண்டு வண்டி நெல்லோடு வீட்டுக்கு வந்தான். மாடத்தி தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி போனான். "ஐயா, நெல்லு வேண்டாம். என்னை விட்டுடுங்க." ஆதிமூலம், "ஓகோ, நெல்லு போதாதா!" என்று பட்டுத் தலைப்பாகையும் காதுக்குக் கடுக்கனும் போட்டு அனுப்பினார். மூன்றாவது தடவை போனான், காலில் விழுந்தான். "ஐயா, இந்தத் தலைப்பாகை வேண்டாம், கடுக்கன் வேண்டாம், உங்க புண்ணியமாப் போகும், என்னை விட்டுடுங்க." ஆதிமூலம் பெருமூச்சு விட்டு, "உன்கிட்ட பேரம் பேசி ஜெயிக்க முடியாதுடா" என்று போக வரப் பல்லக்கே கொடுத்துவிட்டார்.

வாசலில் பல்லக்கு வந்து இறங்கியதும் மாடத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வேலையை விட்டுட்டு வாங்கன்னு அனுப்பினா, பல்லக்குல வந்து இறங்குறீங்களே! இன்னொரு தடவை போனா சிம்மாசனத்தையே தூக்கிட்டு வந்துடுவீங்க போல. ஏங்க, நீங்க அங்க போய் என்னதான் சொல்றீங்க?"

"முடியலைன்னு சொல்றேன்."

"அது அவருக்குப் புரியாது. வேற வேலை கிடைச்சிருக்குன்னு சொல்லுங்க. கூலி இதைவிடக் குறைச்சல்னு சொல்லுங்க. குறைச்சலுக்குப் போறவன்கிட்ட என்ன பேரம் பேசுவாரு?"

நல்ல யோசனைதான். ஆனால் ஆதிமூலத்தை அவளுக்குத் தெரியாது. மறுநாள் பேச்சிமுத்து போய் உள்ளதை உள்ளபடியே சொன்னான். வாத்து மேய்க்கப் போகிறேன், கூலி கூழும் வழிமுட்டையும் என்றான்.

ஆதிமூலத்தின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

"கூழா?"

"ஆமாங்க."

"பல்லக்கை விட்டுட்டா?"

"ஆமாங்க."

"அந்த வழிமுட்டை... எப்படிடா இருக்கும்?"

"மத்த முட்டை மாதிரிதாங்க. ஒரு பக்கம் கூரா, ஒரு பக்கம் உருண்டையா."

ஆதிமூலம் அவனை மேலும் கீழும் பார்த்தார். இந்த உலகத்தில் குறைச்சலுக்குப் போகிற மனுஷன் எவனும் இல்லை, அப்படிப் போகிறான் என்றால் அந்தக் குறைச்சலுக்குள்ளே ஏதோ பெரிதாக ஒளிந்திருக்கிறது. அவர் கணக்கு அப்படி. அந்த முட்டைக்குள்ளே தங்கம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். பேச்சிமுத்து நிஜத்தைச் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. பொய் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார்.

முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"தாராளமாப் போ. ஆனா ஒண்ணு. இத்தனை நாள் அந்த விரலுக்கு நெய் தடவினது யாரு? அரண்மனை. அப்போ அது அரண்மனை விரல். அதை வெட்டி இங்கே வச்சுட்டு நீ மட்டும் போ. இன்னையிலேர்ந்து இதுதான் சட்டம். அரண்மனையில யாராயிருந்தாலும் இதுதான் சட்டம்."

பேச்சிமுத்து விரலை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டான். விரல் போனால் சொடக்குப் போகும். சொடக்குப் போனால் வாத்து வராது. வாத்து வராவிட்டால் கூழும் கிடையாது. இருந்தால் அந்த வாய், போனால் இந்த விரல். என்ன செய்வான், பாவம்? மறுநாளும் அந்த வாய்க்கு முன்னாலேயே போய் நின்றான்.

ஆதிமூலம் என்ன செய்தார் தெரியுமா? ராசாவிடம் போய், "மகாராசா, உங்க ஆயுசுக்காகக் கோயில் கோயிலாப் போய்க் கும்பிட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, தலையில் ஒரு பழந்துணியைக் கட்டிக்கொண்டு, நேராக வாத்துக்காரி ராக்குவிடம் போய் நின்றார்.

இரண்டு நாள் கழித்து, பேச்சிமுத்துவால் வாத்து மேய்க்க வரமுடியவில்லை என்று சொல்லப்போன மாடத்தியிடம் ராக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏ மாடத்தி, வாத்து மேய்க்கிறவனுக்கு நான் கூலி குடுத்திருக்கேன். மேய்க்க விடறதுக்கு எனக்குக் கூலி குடுக்கிற ஆளை இப்பதான்டி பாக்குறேன்! விரல்ல கிடந்த மோதிரத்தைக் கழட்டிக் குடுத்துட்டு, கூழ்கூட வேண்டாம், வழிமுட்டை மட்டும் போதும்கிறாரு."

"யாருக்கா?"

"துணியைக் கட்டினா எனக்கு ஆள் தெரியாதா? உங்க காரியக்காரருதான். சாமி, அது வெறும் முட்டைன்னு நானும் சொன்னேன். 'தெரியும், தெரியும், சத்தம் போடாதே'ன்னு கண்ணைச் சிமிட்டுறாரு. சரி, இவரை வச்சுக்கிட்டு நாலு வயல் தள்ளி ஓட்ட முடியாது. நாளைக்கு அரண்மனைக்குப் பின்னால அறுப்பு முடிஞ்ச வயல்லதான் வாத்தை விடப்போறேன்."

மாடத்தி வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள். பேச்சிமுத்து கேட்டான். கேட்டுவிட்டு, மடக்கி வைத்திருந்த விரலை நீட்டிப் பார்த்தான். வெகு நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவன் முகத்தில் கொட்டாவி இல்லாமல் ஒரு சிரிப்பு வந்தது.

ஆதிமூலம் வயலில் பட்ட பாட்டைக் கேள். 'ஹேய், ஹேய்' என்று கத்தினார், வாத்து கிழக்கே போனது. கையைத் தட்டினார், வாத்து மேற்கே போனது. 'அம்மா தாயே, கொஞ்சம் நில்லுங்கம்மா' என்று கும்பிட்டார், வாத்து எல்லாம் சேர்ந்து வாய்க்காலில் இறங்கிவிட்டது. பின்னாலேயே அவரும் இறங்கினார். சேறு முழங்கால்வரை. ஆனாலும் வரப்பில் ஒரு முட்டையைக் கண்டால் போதும், அப்படியே தாவி எடுத்துக்கொள்வார். முதல் முட்டையை உடைத்துப் பார்த்தார். உள்ளே மஞ்சளாக இருந்தது.

நீயும் நானும் என்ன நினைப்போம்? மஞ்சள் கரு என்று நினைப்போம். அவர் என்ன நினைத்தார்? தங்கம்தான், இன்னும் இறுகவில்லை என்று நினைத்தார்! சூடு படப்பட இறுகும் என்று, கிடைத்த முட்டையை எல்லாம் வேட்டி மடியில் கட்டி வயிற்றோடு வைத்துக்கொண்டார். கோழிகூட அவ்வளவு அக்கறையாக அடைகாக்காது.

அரண்மனைக்குப் பின்னால் இருந்த வயலுக்கு வரும்போதும் அவருக்குப் பயம் இல்லை. வயல் பக்கத்துச் சன்னலை எல்லாம் சேற்று நாற்றம் வருகிறது என்று சொல்லி மூடிவைக்கச் சொன்னவரே அவர்தான். யார் பார்க்கப் போகிறார்கள்?

அன்றைக்குச் சபை கூடியது. புலவர் ஓலைச்சுவடியைப் பிரித்தார். ராசாவின் தாடை அசைய ஆரம்பித்தது. பேச்சிமுத்து குனிந்து ராசாவின் காதில் சொன்னான்:

"மகாராசா, காத்தே இல்லாம கொட்டாவி பாதியிலேயே நிக்குது பாருங்க. அந்த வயல் பக்கத்துச் சன்னலைத் திறந்துவிட்டா, நல்லா நீளமா வரும்."

ராசாவுக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. "திறடா சன்னலை!" என்றார். சன்னல் திறந்தது. காற்று வந்தது. புலவர் பாட ஆரம்பித்தார், ராசா வாயைத் திறந்தார்.

பேச்சிமுத்து கையைத் தூக்கிப் போட்டான் ஒரு சொடக்கு. சொடக்! வயலில் வாத்தெல்லாம் தலையைத் தூக்கின.

புலவர் அடுத்த அடியைப் பாடினார். ராசா மறுபடி வாயைத் திறந்தார். சொடக்! வாத்தெல்லாம் அரண்மனைப் பக்கம் திரும்பின. ஆதிமூலம், "ஏய் ஏய், அங்கே இல்லை, இங்கே!" என்று குறுக்கே ஓடினார்.

புலவர் ராசாவின் வீரத்தை விட்டு அவர் தாத்தாவின் வீரத்துக்குப் போனார். ராசா உள்நாக்கு தெரிய ஒரு கொட்டாவி விட்டார் பார், பேச்சிமுத்து தன் ஆயுசில் போடாத சொடக்கு ஒன்றைப் போட்டான். சொடக்!

அவ்வளவுதான். வயலில் இருந்த வாத்தெல்லாம் இறக்கையை அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டன. கள்வன் வந்தால் பிடிக்கவேண்டும், பகைவன் வந்தால் குத்தவேண்டும் என்று காவலாளிக்குச் சொல்லியிருந்தார்கள். வாத்து வந்தால் என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவன் ஒதுங்கி நின்று வழிவிட்டான். மந்திரி கால் இடுக்கில் நுழைந்து, சேனாபதி வாளுக்கு அடியில் புகுந்து, புலவரின் ஓலைச்சுவடி மேலே ஏறி, குவா குவா என்று வாத்தெல்லாம் சபைக்குள் வந்து பேச்சிமுத்துவைச் சுற்றிக்கொண்டன. பின்னாலேயே, முழங்கால்வரை சேறும், தலையில் பழந்துணியும், மடியைக் கெட்டியாகப் பிடித்த கையுமாக ஒருத்தர் மூச்சு வாங்க ஓடிவந்து, ராசாவைக் கண்டதும் நிற்கப் பார்த்து, வாத்து எச்சத்தில் வழுக்கி, சிம்மாசனத்துக்கு முன்னால் குப்புற விழுந்தார். மடியில் இருந்த முட்டை எல்லாம் உடைந்து மஞ்சளாக ஓடியது.

"ஐயோ, என் தங்கம்! இறுகறதுக்குள்ள போச்சே!" என்று தரையிலிருந்து வழித்தார்.

தலைத்துணி அவிழ்ந்தது.

"ஆதிமூலமா? கோயிலுக்குன்னு போனீரே?" என்றார் ராசா. கேட்டபடியே வாயைத் திறந்தார். எல்லாரும் கொட்டாவி என்று நினைத்தார்கள், பேச்சிமுத்துகூடக் கையைத் தூக்கிவிட்டான். கொட்டாவி இல்லை, சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மோதிரம் கழன்று உருள, ராசா அப்படிச் சிரித்தாராம். பட்டத்துக்கு வந்ததிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சிரித்து முடித்ததும் கேட்டார். பேச்சிமுத்து எல்லாவற்றையும் சொன்னான். மூன்று தடவை வேலையை விடப் போனதையும், மூன்று தடவை சம்பளம் ஏறியதையும், விரலை வெட்டி வைக்கச் சொன்னதையும், கூழ்கூட வேண்டாம், வழிமுட்டை போதும் என்று ஆதிமூலம் வாத்து மேய்க்கச் சேர்ந்ததையும் சொன்னான்.

ராசாவின் முகம் மாறியது. "என் அரண்மனையை விட்டு ஒருத்தன் போறதா? எந்த நாட்டு ராசா உனக்கு அதிகமாத் தர்றான்? சொல்லு, படையோட போறேன்."

"படை வேண்டாம் மகாராசா. ராக்கு அக்காதான். கூழ் தர்றாங்க."

"பல்லக்கை விட்டுட்டுக் கூழுக்கா? அங்கே அப்படி என்னடா இருக்கு?"

பேச்சிமுத்து காலைச் சுற்றின வாத்துகளைப் பார்த்தான். அப்புறம் ராசாவைப் பார்த்தான். விரல் போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டான்.

"அங்கே கொட்டாவி வந்தா விட்டுக்கலாம் மகாராசா."

ராசா அவனையே பார்த்தார். தனக்குப் பக்கத்தில் இத்தனை நாள் நின்றவனுக்கும் ஒரு வாய் இருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எங்கே, ஒண்ணு விடு பாப்போம்" என்றார்.

பேச்சிமுத்து வாயைத் திறந்தான். முழுங்கி வைத்த கொட்டாவி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. அது முடிவதற்குள் மந்திரி உட்கார்ந்துவிட்டார். முடியும் வரை காத்திருந்து ராசா சொன்னார்:

"உன் விரலை நீயே எடுத்துக்கிட்டுப் போ. பல்லக்கை இங்கேயே விட்டுட்டுப் போ."

பிறகு ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினார். "நீர் எங்கே போறீர்? ஆள் இல்லாத அன்னைக்கு நீர்தான்னு சொன்னேனே! வாரும், வாய்க்கு முன்னால நில்லும்."

"மகாராசா, சம்பளம்..."

"கூழ்கூட வேண்டாம், வழிமுட்டை போதும்னு நீரே ஒத்துக்கிட்டீராமே! அதேதான். இந்தச் சபைக்குள்ள எந்த வாத்து முட்டை இட்டாலும் அது உமக்கு."

"எனக்குச் சொடக்கு வராதே மகாராசா! என்னை விட்டுடுங்க, நான் போயிடறேன்."

"தாராளமாப் போம்" என்றார் ராசா. "விரலை வச்சுட்டுப் போம். சட்டம் யார் போட்டது?"

ஆதிமூலம் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். புலவர் விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தார். ராசா வாயைத் திறந்தார். ஆதிமூலம் விரலைத் தேய்த்தார். புஸ்!

"சரியா வர்ற வரைக்கும் போடும்" என்றார் ராசா, வாயை மூடாமலே. புஸ், புஸ், புஸ்.

போகிற வழியில் பேச்சிமுத்து நின்று, "ஐயா, அந்தச் சேத்துல கொஞ்சம் விரல்ல தடவிக்குங்க, பிடிப்பு வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

நெல்லும் கடுக்கனும் தலைப்பாகையும் திரும்பிப் போயின. ஓட்டு வீடும் போனது. பழைய கூரை வீட்டுக்கே வந்தார்கள். கூழ் குடிக்கும்போது மாடத்தி அப்போதைக்கப்போது அரிசிச் சோற்றை நினைத்துக்கொள்வாளாம். நினைத்தால் என்ன, தப்பில்லை. மழை பெய்தால் கூரை ஒழுகும், இரண்டு பேரும் ஒழுகாத மூலையில் நெருக்கி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் ஒரு வாய் கூழைத் தூக்கினால் அவன் கை இப்போது மேலே போவதில்லை, எடுத்துக் கொடுக்கத்தான் போகும். வழிமுட்டை கிடைத்த அன்றைக்குக் குழம்பு.

அவன் வரப்பில் சாய்ந்து உட்கார்ந்து, ஊர் அளவு ஒரு கொட்டாவி விட்டு, தன் வாய்க்குத் தானே ஒரு சொடக்குப் போட்டுக்கொள்வான். வாத்தெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஓகோ, இது நமக்கில்லை என்று மறுபடி மேயுமாம்.

வாத்து பட்டிக்குப் போயிற்று. ராசா தூங்கப் போனார். ஆதிமூலம் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கதைக்கும் வாய் வலிக்கிறது, மூடிக்கொள்கிறது. உனக்கும் கொட்டாவி வந்துவிட்டதா? விடு, விடு. இதோ, சொடக்கு நான் போடுகிறேன்.